மாமாவின் பீர் வாளி

அந்த வருஷம் நவம்பரில் எங்கள் பிளசன்டன் வீட்டு கராஜில், வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில், இரண்டு சமாச்சாரங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து புளித்துக்கொண்டிருந்தன. ஒன்று அம்மாவின் கிறிஸ்துமஸ் ஒயின். மற்றது மாமாவின் பீர். இரண்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பத்து வயதான என்னிடம் இருந்தது. இதை இன்று என் மகளின் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால் யாராவது போலீசுக்கு போன் செய்துவிடுவார்கள். எனக்கோ அதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பதவி கிடைத்திருக்கவில்லை.

ஒயின் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. தூத்துக்குடியிலிருந்து சேலைகளுக்கு நடுவே சுற்றி சூட்கேசில் கொண்டுவந்த பீங்கான் ஜாடியில், அம்மா ஒவ்வொரு வருஷமும் கறுப்புத் திராட்சை, சீனி, கோதுமை, கிராம்பு, பட்டை எல்லாம் போட்டு வாயைத் துணியால் கட்டிவைப்பாள். அதன்பிறகு இருபத்தொரு நாள், தினமும் காலையில் மரக்கரண்டியால் கிண்ட வேண்டும். சும்மா கிண்டக்கூடாது. மூன்று 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் சொல்லி முடிக்கும்வரை, ஒரே பக்கமாக. ஒரு நாள் தவறினாலும் ஒயின் கெட்டுப்போகும் என்பது அம்மாவின் சட்டம். அந்த வருஷம் அவளுக்கு மருத்துவமனையில் காலை ஷிப்ட். ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். அதனால் கரண்டி என் கைக்கு வந்தது. நான் மந்திரத்தை வேகமாகச் சொல்லி ஏமாற்றுவேனோ என்ற சந்தேகம் அவளுக்கு இருந்தது. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

பீர்தான் புதிது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஜூலையில் ஒரு பெரிய பெட்டியோடும் ஒரு சின்னப் பயத்தோடும் வந்து இறங்கி, எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கி, பக்கத்து ஊரான மில்பிடாஸில் வேலைக்குப் போய்வந்தார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீமில் எல்லோரும் பீர் குடிக்கப் போனால், இவர் ஆரஞ்சு ஜூசை வைத்துக்கொண்டு, எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாராம். அந்த ஊர் ஃபுட்பால் புரியவில்லை. மீன்பிடிக்கப் போன கதையில் மட்டும் ஒரு தடவை நுழைந்து பார்த்திருக்கிறார். கடற்கரை ஊர்க்காரர் வலையைப் பற்றிப் பேச, அவர்கள் தூண்டிலைப் பற்றிப் பேச, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. அந்த டீமில் மூன்று பேர் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள். டிசம்பர் பார்ட்டிக்கு அவரவர் தயாரித்ததைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் ருசிபார்ப்பது அவர்கள் வழக்கம். ஒரு நாள் மாமா ஏதோ ஒரு வேகத்தில், நானும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டார். மேசையே திரும்பிப் பார்த்ததாம். மறுநாளே ஒருவர் பழைய வாளி ஒன்றையும், பார்லிப் பாகு அடைத்த மால்ட் டப்பாவையும், ஈஸ்ட்டையும், இரண்டு பக்கச் செய்முறையையும் கொடுத்துவிட்டார்.

"இது மட்டும் நல்லா வந்துட்டுன்னு வையி பிள்ளே, நம்மளும் அவங்கள்ல ஒருத்தன்தான்" என்று மாமா என்னிடம் சொன்னார். வீட்டில் இருந்த நாலு பேரில் அவர் மனம் விட்டுப் பேசுவது என்னிடம்தான். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன் என்பதால் அவருக்குப் பேச்சுப் பயிற்சியும் ஆயிற்று.

வாளியைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஏல, வீட்டுல பொம்பளப் பிள்ள வளருது. இது எதுக்குல இங்க?"

"ஒயினும் இதேதான யக்கா?"

"ஒயின் கிறிஸ்துமஸுக்கு. இது?"

அவர்களுடைய அப்பா குடித்தே செத்தவர் என்பதும், அப்போது ஆறு வயதாயிருந்த தம்பியை அம்மாதான் தூக்கி வளர்த்தாள் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வாளிக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறார்களே என்பதுதான். அப்பா வந்து, "ஆபீஸ் விஷயம்தான, இருந்துட்டுப் போட்டும்" என்றார். அம்மா அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நாங்கள் மூன்று பேரும் எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை அம்மா ஷிப்ட்டுக்குப் போனதும், மால்ட்டைக் காய்ச்ச பிரியாணி அண்டா அடுப்பில் ஏறியது. வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை. மாமா செய்முறைத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்போல ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே போனார். நான் வாளியைக் கழுவினேன். நான் கழுவியதை அவர் மறுபடி கழுவினார். ஆறவைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி, மூடியைச் சுற்றிலும் அழுத்தி மூடினார். மூடி நடுவே ஓட்டையில் ஒரு குட்டிக் குழாய். அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் காற்று அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழியிட்டு வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வரமுடியாது.

"குமிழி வாரவரைக்கும் உள்ள வேலை நடக்குன்னு அர்த்தம். நிமிஷத்துக்கு ஒண்ணுகூட வரலன்னா பீர் ரெடி. ரெண்டு வாரம் ஆகும். நீதான் எண்ணிச் சொல்லணும். ஆனா மூடியில மட்டும் கை வச்சிராத. காத்து உள்ள போச்சுன்னா எல்லாம் காலி."

மறுநாள் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கராஜுக்கு ஓடினேன். ப்ளுக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ப்ளுக். நான் போட்ட கூச்சலில் அப்பா சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார். மாமா முழங்காலிட்டு வாளியில் காதை வைத்துக் கேட்டார். சாயங்காலத்துக்குள் நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. திங்கட்கிழமை ஐம்பத்திரண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடுபோட்டு எழுதிவைத்தேன். வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு கேட்டபோதுகூட என் காதில் ப்ளுக் ப்ளுக்தான் கேட்டது. ராத்திரி சாப்பாட்டு மேசையில் மாமாவும் நானும் எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை இருபது. வியாழக்கிழமை ஆறு. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து, அம்மாவின் ஒயினை மூன்று மந்திரம் சொல்லிக் கிண்டிவிட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு வாளி முன்னால் நின்றேன். ஒரு நிமிஷம். ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம். ஒன்றுமேயில்லை. மாமா இரண்டு வாரம் என்றார். இன்றைக்கு ஆறாவது நாள்தான். மாமாவின் பீர் செத்துக்கொண்டிருந்தது. அம்மா ஷிப்ட்டுக்குப் போயாயிற்று, மாமா ஆபீசுக்குப் போயாயிற்று, அப்பா குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார்.

என் கையில் மரக்கரண்டி இருந்தது.

இந்த இடத்தில் என் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூடியில் கை வைக்காதே என்று மாமா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் மாமாவுக்கு இது முதல் பீர். அம்மாவோ எத்தனையோ வருஷமாக ஒயின் போடுகிறவள், அவள் சட்டப்படி கிண்டாவிட்டால் கெட்டுப்போகும். ஆறு நாளாக இந்த வாளியை ஒருவரும் கிண்டவில்லை. பக்கத்து ஜாடிக்குத் தினமும் கவனிப்பு, இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. கெடாமல் என்ன செய்யும்? அப்பாவின் ஸ்க்ரூடிரைவரால் மூடியின் ஒரு பக்கத்தை நெம்பினேன். ரொட்டிக் கடை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கரண்டியை நுழைத்து அடிவரை விட்டுக் கிண்டினேன். மாமாவுக்கு அவசரம் என்பதால் மூன்றுக்குப் பதில் ஐந்து மந்திரம். ஒன்றுகூட அவசரமாகச் சொல்லவில்லை. பிறகு மூடியைச் சரியாக வைத்து, அழுத்த பலம் போதாமல், ஏறி மேலே உட்கார்ந்தேன்.

ப்ளுக். ப்ளுக். ப்ளுக்ப்ளுக்.

நிமிஷத்துக்குப் பதினாலு! லாசரு கல்லறையிலிருந்து எழுந்துவந்தபோது அந்த ஊர்க்காரர்கள் எப்படிக் குதித்திருப்பார்களோ அப்படிக் குதித்தேன். பாதிக் காற்று நான் உட்கார்ந்த பாரத்தில் வெளியேறியது என்பதும், மீதி பீரில் கரைந்திருந்த வாயு கிண்டியதில் கிளம்பியது என்பதும், ஈஸ்ட் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. நான் ஒரு உயிரைக் காப்பாற்றியிருந்தேன். சாயங்காலம் மாமா காலணியைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே ஓடினேன்.

"இட்ஸ் ஸ்டில் கோயிங், மாமா! ஃபோர்ட்டீன்!"

அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்கு இரண்டு இடத்தில் கிண்டும் வேலை. முதலில் ஜாடி, பிறகு அதே கரண்டியோடு வாளி. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறப்பதற்குமுன் அப்பாவின் குளியலறைப் பாட்டு கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் குமிழி திரும்பி வரும். அவ்வளவு ரகசியமான, அவ்வளவு புண்ணியமான ஒரு வேலையை நான் அதற்குப் பிறகு செய்ததில்லை.

இரண்டு வாரம் ஆயிற்று. எண்ணிக்கை பதினொன்று. மாமா தலையைச் சொறிந்தார். எடுப்பதா, விடுவதா? குமிழி வந்துகொண்டிருக்கும்போது பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும் என்று தாளில் போட்டிருந்தது. மாதம் ஒரு முறை நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் பிறகு, காப்பி மேசையில் இந்த விஷயம் வெளியே வந்தது. அங்கே இருந்த அங்கிள் ஒவ்வொருவருக்கும் பீர் எத்தனை நாள் வாளியில் இருக்கவேண்டும் என்று திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது. பத்து நாள் தாண்டினால் விஷம் என்றார் ஒருவர். ஆறு வாரம் வைத்தால்தான் அது பீர், இல்லாவிட்டால் கஷாயம் என்றார் இன்னொருவர். "பொங்கிச்சுன்னா எடுத்துர வேண்டியதுதானே, இட்லி மாவை யாராவது ரெண்டு வாரம் வைப்பாங்களா?" என்று ஒரு ஆன்ட்டி கேட்டார். இவர்களில் யாரும் பீர் தயாரித்ததில்லை. ருசிபார்க்கும் அன்று தங்களைக் கூப்பிட வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கருத்தாக இருந்தார்கள்.

கடைசியில் வாளி கொடுத்தவரிடமே மாமா கேட்டார். குமிழி நிற்கும்வரை விடு என்று அவர் சொல்லிவிட்டார். ஆக, பீர் எத்தனை நாள் வாளியில் இருக்கும் என்பது முழுக்க முழுக்க என் கையில் இருந்தது. அது எனக்கும் தெரியாது.

மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் மாமா டார்ச்சோடு வாளி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் அந்தப் பிளாஸ்டிக் வாளியின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் வெளிச்சத்தை அடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாட் இஸ் இட், மாமா?"

"ஒண்ணுமில்ல பிள்ளே." பிறகு சமையலறைக் கதவு பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மா இங்க அடிக்கடி வாராளா?"

"யா. ஃபார் தி ஒயின்" என்றேன். பொய் இல்லை. அம்மா சாயங்காலங்களில் வந்து ஜாடித் துணியை விலக்கி மோந்து பார்த்துவிட்டுப் போவாள். மாமா தலையை ஆட்டிவிட்டு டார்ச்சை அணைத்தார். அவர் என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபதாம் நாள், தாங்ஸ்கிவிங் விடுமுறை வெள்ளிக்கிழமை. பார்ட்டிக்கு மூன்று வாரமே இருந்தது. பாட்டிலில் இரண்டு வாரம் இருக்க வேண்டும். இனிக் குமிழி நின்றாலும் நிற்காவிட்டாலும் எடுத்தே ஆகவேண்டும் என்று மாமா முடிவு செய்தார். கழுவிய பாட்டில்கள் வரிசையாக நின்றன. அப்பா கேமராவோடு நின்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். நான் ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மூடி திறந்தது. மேலே வெள்ளையாக ஒரு ஆடை படிந்திருந்தது. வாசனை நேராக வந்து கண்ணில் ஏறியது. ஊறுகாய்க் கடைக்குள் நுழைந்த மாதிரி. மாமா ஒரு டம்ளரில் மொண்டு, ஒரு வாய் வைத்தார். விழுங்கினார். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடியே எடுத்திருக்கணும் போல" என்றார்.

அம்மா படியிறங்கி வந்தாள். "போனா போட்டும்ல. பார்ட்டிக்கு என் ஒயின்ல நாலு பாட்டில் எடுத்துட்டுப் போ. அவங்களும்தான் குடிச்சுப் பாக்கட்டும்" என்றாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த ஜாடியிலிருந்து அப்பாவுக்கே ஒரு சொட்டு கொடுக்காதவள். மாமா சிரித்தார். "சரி யக்கா" என்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைப்புற வேலியோரம் கவிழ்த்தார். நானும் கூடவே போனேன். கவிழ்த்த பிறகும் வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

ஒயின் பார்ட்டியில் பிரமாதமாக எடுபட்டது. மாமாவின் மேனேஜர் இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, செய்முறை கேட்டாராம். மூன்று மந்திரம் உட்பட மாமா சொல்லிக்கொடுத்திருக்கிறார். காலி பாட்டில்களோடு அவர் வந்து இதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் மனசு லேசாகிவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நான் மாமாவிடம் இதை ஒப்புக்கொள்ள இருபது வருஷத்துக்குமேல் ஆயிற்று. அன்று அவர் என் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, என் கணவர் தயாரித்த பீரைக் குடித்துக்கொண்டிருந்தார். வேடிக்கைக் கதை சொல்வதுபோலத்தான் ஆரம்பித்தேன். ஸ்க்ரூடிரைவர், ஐந்து மந்திரம், மூடிமேல் ஏறி உட்கார்ந்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். மாமா சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீயா?"

அன்றைக்கு டார்ச் வெளிச்சத்தில் அவர் பார்த்தது ஒரு திராட்சைத் தோல். என் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்து, வாளியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. வீட்டில் திராட்சையில் கரண்டி போடுகிறவள் அம்மா. காலையில் கிண்டுவது நான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல், அக்காவே தினமும் திறந்து கெடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். "என்னைத் தூக்கி வளத்தவகிட்டப் போயி, நீயா செஞ்சேன்னு எப்படி பிள்ளே கேப்பேன்? அதுவும் அவ வீட்டுல இருந்துகிட்டு?" என்றார். "அப்பன் மாதிரி நானும் ஆயிருவேன்னு அவ பயந்துட்டாளோன்னு நெனச்சேன். பீரு போனா மயிரே போச்சு. அவ அப்படி நெனச்சுட்டாளேன்னுதான்."

பிறகு போனை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போய் அம்மாவைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பீரைக் கொட்டியதற்கு அடுத்து வந்த அந்த ஜனவரியில் மாமா மில்பிடாஸில் ஒரு அறை பார்த்துக்கொண்டு கிளம்பினார். ஆபீஸ் பக்கம் என்றார். "இங்கேருந்து ஃப்ரீவேயில அரை மணி நேரம்தானல" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். சோறும் கருவாட்டுத் தொக்கும் கட்டி, அவருடைய பழைய காரின் முன்சீட்டில் வைத்தாள். கார் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "ஏல, நான் ஏதும் குறை வச்சுட்டேனா?" என்று கேட்டாள்.

"சேச்சே. என்ன யக்கா நீ."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். சண்டை என்றால் யாராவது சத்தம் போடுவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே ஒருவரும் சத்தம் போடவில்லை, அதனால் ஒரு குறையும் இல்லை. இனி மாமா வீட்டுக்கு நாமும் போகலாம், அங்கே நீச்சல் குளம் இருக்கிறதாம் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். கார் தெருமுனையில் திரும்பும்வரை இரண்டு கையையும் ஆட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மா ஏன் கையைத் தூக்கவே இல்லை என்று நான் கேட்கவில்லை. கடைசிவரை நான் பிடிபடவில்லை என்ற சந்தோஷம் எனக்கு.